ஒப்பந்தமும் உடன்படிக்கையும்



எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வாழும் நமக்கு 'ஒப்பந்தம்' என்னும் சொல் புதிதன்று. ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஒப்பந்தத் தொழிலாளராய் உழைப்போர் நம்மிடையே பலர். குறித்த காலம் முடிந்தால் வேலை முடிந்தது. ஒருவர் சொல் தவறினால் மற்றவர் விலகிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் இயல்பு அது. ஆனால், திருமறை கூறும் உடன்படிக்கையையும் நாம் இவ்வாறே எண்ணிவிடுகிறோம். ஆகவேதான், "நவநாள் முடித்தேன், இன்னும் என் மகனுக்கு வேலை கிடைக்கவில்லையே!" என்று இறைவனிடம் கணக்குக் கேட்கிறோம். அவரும் நம் பாவங்களைக் கணக்கிட்டு விலகிவிடுவாரோ என்று அஞ்சவும் செய்கிறோம்.

இறைவன் செய்த உடன்படிக்கை எத்தகையது என்பதைத் தொடக்கநூலின் 15ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பண்டைக் காலத்தில் உடன்படிக்கை செய்வோர் விலங்குகளை இரு கூறாக வெட்டி வைத்து, அவற்றின் நடுவே நடந்து செல்வர். வாக்குத் தவறினால் இவ்விலங்கின் கதி எனக்கும் நேர்வதாக என்பது அதன் பொருள். எபிரேய மொழியில் உடன்படிக்கையை 'வெட்டுதல்' என்றே சொல்லும் வழக்கும் உண்டு. ஆபிராமும் விலங்குகளை வெட்டி வைத்தார். ஆனால் மாலையில் ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்ந்தார். இருள் சூழ்ந்தபின் புகையும் தீச்சட்டியும் எரியும் தீவட்டியும் அக்கூறுகளின் நடுவே கடந்து சென்றன. ஆபிராம் நடக்கவில்லை, இறைவன் ஒருவரே நடந்தார். மனிதனின் வலுவின்மையை அறிந்தவராய், வாக்கின் முழுச் சுமையையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

சீனாய் மலையடியில் மக்களும் ஒரே குரலாய் வாக்களித்தனர். நாற்பது நாள் கழியுமுன் பொற்கன்றுக்கு விழா எடுத்தனர்! மோசே கற்பலகைகளை உடைத்தெறிந்தார். ஒப்பந்தமாயின் அன்றே யாவும் முடிந்திருக்கும். இறைவனோ வேறிரு பலகைகளைச் செதுக்கி வரச் சொன்னார். கல்லில் எழுதியது போதாதென்று கண்டு, இனி இதயத்தில் எழுதுவேன் என எரேமியா வழியாக உரைத்தார். இறுதி இராவுணவில் இயேசு கிண்ணத்தை எடுத்துத் தம் இரத்தத்தாலாகும் புதிய உடன்படிக்கை என்றபோது, அன்று ஆபிராமுக்காகத் தனியே நடந்தவர் முழு விலையையும் தாமே செலுத்த முன்வந்தார் என்பதை உணர்கிறோம்.

இப்பிணைப்பின் தன்மையை நம் முன்னோரின் படகிலும் காணலாம். சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. கொந்தளிக்கும் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளை இரும்பாணி அறைந்து இணைக்கவில்லை; தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தனர். விறைத்து நிற்கும் படகு அலை மோதிப் பிளக்கும். தைத்த படகு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். அத்தகைய படகுகளைச் செலுத்திய சமூகத்தாரே 1829இல் இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். மும்முறை ஆண்டவரை மறுதலித்தும் கைவிடப்படாத இராயப்பரின் பெயரை அவர்கள் ஆலயத்துக்கு இட்டது எத்துணைப் பொருத்தம்!

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. ஆபிரகாமுக்கு முன்னரே நோவாவோடு இறைவன் உடன்படிக்கை செய்தார். அது நோவாவோடும் அவர் வழிமரபோடும் மட்டுமன்று. பேழையினின்று வெளிவந்த பறவைகள், விலங்குகள் யாவற்றோடும் செய்யப்பட்டது. தொடக்கநூல் 9ஆம் அதிகாரம் இதை மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. அதன் அடையாளம் மேகத்தில் தோன்றும் வில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பெருகி வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியதை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் எண்ணெய் படிந்த இறகுகளோடு தவித்தன. மீனவர் வாளிகளாலும் வெறுங்கைகளாலும் அதை அள்ளினர். நீரை மாசுபடுத்துவோர், அந்நீரை நம்பி வாழும் ஏழையின் உணவை மட்டுமா கெடுக்கின்றனர்? அவ்வில்லின்கீழ் இறைவன் தம் உயிர்களுக்குத் தந்த வாக்கையும் அவமதிக்கின்றனர். இதைக் கேளாதார் போல் வாழ்வது நமக்குத் தகுமா?

உடன்படிக்கையின் மக்கள் ஒருவரையொருவர் ஒப்பந்தக் கணக்கில் நடத்தலாகாது. வேலை இழந்து வீடு திரும்பும் கணவர் அன்றும் குடும்பத் தலைவரே. நோயுற்ற மனைவி அன்றும் இல்லத்தின் விளக்கே. சம்பாதிக்க இயலாத பெற்றோர் அன்றும் நம் பெற்றோரே. ஆலை வாயிலில் காலம் முடிந்ததென்று சொல்லப்பட்டவர், வீட்டு வாயிலிலும் அச்சொல்லைக் கேட்க நேர்ந்தால் எங்கே போவார்?

இம்மாதம் ஒரு மாலை, குடும்ப செபத்திற்குப் பின் தொடக்கநூலின் 9, 15 ஆகிய இரு அதிகாரங்களையும் பிள்ளைகள் உரக்க வாசிக்க, பெரியோர் கேளுங்கள். பின்னர், நம் தெருவில் வேலையின்றி வாடும் குடும்பம் எது என்று கேட்டு, மறுநாளே அவ்வீட்டுப் படியேறுங்கள். நமக்காகத் தனியே நடந்த இறைவன், அவ்வீடு நோக்கி நடக்கும்போது நம்மோடும் நடப்பார்.