வெட்டுக்கு உண்டு, கட்டுக்கு இல்லை

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மச்சானுடையது. இரண்டாவது தடவை ஜிலேபி வந்தபோது, "சர்க்கரை இருக்குன்னு சொன்னீங்களே மச்சான்" என்றேன். இலையிலிருந்து நிமிராமல், "பத்து லட்சத்துக்குப் பாலிசி போட்டாச்சு மாப்ளே. இனி என்ன வந்தாலும் பாத்துக்கலாம்" என்றார். எதிர்வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தர், எந்தக் கம்பெனி, ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா என்று விசாரித்துக்கொண்டார். ஜிலேபியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

விசேஷ வீடாயிற்றே என்று நானும் விழுங்கிவிட்டேன். விழுங்கியது செரிக்காததால் எழுதுகிறேன். காப்பீட்டு அட்டை இருந்தால் நோய் அண்டாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அப்படித்தான் நடந்துகொள்கிறோம்.

எங்கள் தெருமுனை டீக்கடை மாஸ்டரிடம் இரண்டு தாயத்துகள் இருந்தன. ஒன்று இடுப்பில். இன்னொன்று கல்லாப்பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. மனிதருக்கு நாள்பட்ட சர்க்கரை. செருப்புக் கடித்துக் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. முக்குக் கிளினிக்கில் சுத்தம் செய்து கட்டுப் போட ஒரு தடவைக்கு இருநூறு ரூபாய். ஒன்று விட்டு ஒரு நாள் வரச் சொன்னார்கள். மூன்று தடவை போனார், நிறுத்திவிட்டார். அந்த இருநூறை எந்த அட்டையும் தராது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு இலவசம்தானே என்பீர்கள். இலவசம்தான். அங்கே சீட்டுப் போடுகிற நேரமும் இங்கே பாய்லர் கொதிக்கிற நேரமும் ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் என்று மாத்திரையோடு வாசல் வரைக்கும் வந்த பெண்ணையும், "கார்டு இருக்கும்மா, பெருசா வந்தா பாத்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்.

பெரிசாக வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன், படுக்கை, ஊசி எல்லாமே அட்டையில். "ஒரு பைசா செலவில்லைங்க" என்று அவர் மனைவி என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். காலைக் காப்பாற்ற இருநூறு ரூபாய் கிடையாது, எடுப்பதற்கு எத்தனை ஆயிரமும் உண்டு. இதைத்தான் நாம் பாதுகாப்பு என்கிறோம்.

எல்லாத் திட்டமும் இந்த அச்சில் வார்த்ததுதான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018-ல் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்று ஆயுஷ்மான் பாரத். ஆட்சி மாறியது, பெயர் மாறியது, தொகை ஏறியது. படுத்தால்தான் பணம் என்பது மட்டும் மாறவில்லை. தனியார் பாலிசியும் அதே ஜாதிதான். கண்புரை மாதிரி சிலவற்றைத் தவிர, 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால்தான் நீங்கள் நோயாளி. ஓபி செலவும் வேண்டுமென்றால் அதற்குத் தனி ரைடர், தனி பிரீமியம். ஆனால் நம் கையை விட்டுப் போகும் மருத்துவச் செலவில் பெரும்பகுதி படுக்கைக்கா போகிறது? டாக்டர் ஃபீஸிலும் மருந்துக்கடை பில்லிலும் சில்லறை சில்லறையாகத்தானே கரைகிறது!

வருமான வரிச் சட்டமும் லேசுப்பட்டதல்ல. பழைய வரிமுறையில் மருத்துவக் காப்பீட்டுக்கென்று ஒரு பிரிவு. அறுபது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு, பாலிசி பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை கழிவு. நோய் வருமுன் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள 5,000. அந்த ஐயாயிரமும் தனியாக இல்லை, இருபத்தைந்துக்குள்ளேயே அடக்கம். மாஸ்டர் மாதிரி எத்தனை பேர்? 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. கால்களை நீங்களே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுக் கம்பெனி என்றால் இப்படித்தான் இருக்க முடியும் என்று சமாதானம் சொல்பவர்களை ஹவாய்த் தீவுக்கு அழைக்கிறேன். அங்கே எச்எம்எஸ்ஏ என்று 1938 முதல் ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. 2016-ல் அவர்கள் குடும்ப டாக்டர்களுக்குப் பணம் கொடுக்கிற முறையையே புரட்டிப் போட ஆரம்பித்தார்கள். அதுவரை ஒரு தடவை பார்த்தால் இவ்வளவு என்பது கணக்கு. இனி, உங்கள் பொறுப்பில் இத்தனை பேர், தலைக்கு மாதம் இவ்வளவு, வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அவர்களைத் தரமாகக் கவனித்தால் அதற்கு மேலும் பணம். டாக்டரின் பிழைப்பு வாசலில் நிற்கும் கூட்டத்தை நம்பி இருக்காது. போனில் கூப்பிட்டு, "புண்ணு எப்படி இருக்கு, ஏன் வரலை?" என்று கேட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. எங்கள் மாஸ்டரை மூன்றாவது கட்டுக்கு அப்புறம் யாராவது அப்படி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால்!

2019-ல் ஜாமா இதழில் இதைப் பற்றி ஆய்வு வந்தது. முதல் வருஷத்திலேயே சிகிச்சைத் தர அளவீடுகள் 2.3 சதவீதப் புள்ளி ஏறியிருந்தன. மொத்தச் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நம்மூர்க் கணக்குப்பிள்ளைகள் துள்ளுவார்கள். முதல் வருஷமே குறைவதற்கு அது என்ன ஆடித் தள்ளுபடியா? மாஸ்டரின் சர்க்கரை ஒரே வருஷத்திலா அவர் காலைத் தின்றது?

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய நம் இஎஸ்ஐ, டிஸ்பென்சரியும் ஓபியும் மாத்திரையும் சேர்ந்த காப்பீடு. சில மாநிலங்களில் பேனல் டாக்டர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றே பணம் கொடுத்து வந்திருக்கிறது. அதை நாம் எப்படி மதிக்கிறோம்? சம்பளம் 21,000 தாண்டி இஎஸ்ஐ வரம்பை விட்டு வெளியே வந்த அன்று ஆபீசில் சாக்லேட் கொடுத்தவனை எனக்குத் தெரியும். அங்கே வரிசை நீளம்தான், சில நாள் மருந்து இருக்காதுதான். அதைச் சீர்செய் என்று ஒருத்தரும் சண்டை போடவில்லை. தப்பித்தால் போதும் என்று ஓடினோம்.

குடும்ப டாக்டர்களையும் இப்படித்தான் விரட்டினோம். பெயர்ப்பலகையில் எம்பிபிஎஸ் மட்டும் இருந்தால், "வெறும் எம்பிபிஎஸ்தானா?" என்கிறோம். ஜலதோஷத்துக்கு நுரையீரல் நிபுணர், ஏப்பத்துக்கு இதய நிபுணர். என் அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்ட்டரில் முதல் கேள்வி "என்ன செய்யுது?" அல்ல, "இன்சூரன்ஸ் இருக்கா?" இருந்தது. இரண்டு நாள் படுக்கை, டிரிப்ஸ், தலை முதல் கால் வரை ஸ்கேன். கடைசியில், பிபி மாத்திரையை விடாமல் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பழைய டாக்டராக இருந்தால் கையைப் பிடித்துப் பார்த்து, ஐந்தாவது நிமிஷம் திட்டி அனுப்பியிருப்பார். அவருடைய கிளினிக் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்கேன் சென்டர்.

பந்தி முடிந்து தாம்பூலம் வாங்கும்போது மச்சானின் போனில் பாலிசியைத் திறக்கச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் பக்கங்கள், எறும்பு எழுத்து. ஏஜெண்ட் அவர் சர்க்கரையை மறைக்காமல் எழுதியிருந்தார், அந்த அளவுக்கு நல்ல மனிதர். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம்: 36 மாதங்கள்.