வெள்ளையா, ரோஸா?

பள்ளிக்கூடத்தில் 'பூச்சி உண்ணும் தாவரங்கள்' பாடம் ஞாபகம் இருக்கிறதா? டிரோசீரா படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க்கும் வாங்கியிருப்போம். ஆனால் அந்தச் செடியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஏதோ அமேசான் காட்டுச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1753-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய டிரோசீரா இண்டிகா நம் நாட்டுச் செடிதான். வெயில் நன்றாக விழுகிற, மழைக்காலத்தில் நீர் கசிகிற, சத்தில்லாத செம்மண்ணும் மணலும் அதற்குப் பிடிக்கும். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அப்படிப்பட்ட மண்ணை அறிமுகப்படுத்த வேண்டுமா என்ன?

மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைத்தான் அது பூச்சியிடம் வாங்கிக்கொள்கிறது. இலை முழுக்க நுண்ணிய மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி. உட்கார்ந்த கொசு எழுந்திருக்காது. பூ மட்டும் காம்பில் சற்றுத் தள்ளி நிற்கும். சாப்பாட்டுக்கு வந்தவரையும் சம்பந்தம் பேச வந்தவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க முடியுமா?

சுவாரஸ்யமே அந்தப் பூவின் நிறத்தில்தான். இண்டிகா ஓரிடத்தில் ரோஸாகப் பூக்கும், இன்னோரிடத்தில் வெள்ளையாகப் பூக்கும். கத்திரிக்காய்த் தோலுக்கும் நாவல்பழத்துக்கும் நிறம் தருகிற ஆந்தோசயனின் வகை நிறமிகள்தான் இங்கும் வேலை செய்கின்றன. வெயில் கூடினால் இலை சிவந்துவிடும். பூவின் நிறம் அப்படியல்ல. பெரும்பாலும் விதையோடு வருவது. நம் வேலியில் நீலச் சங்குப்பூவும் வெள்ளைச் சங்குப்பூவும் பூக்கிறதே, அதுபோலத்தான்.

அதற்காக, நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் இண்டிகா என்றே எண்ணியிருந்த கூட்டத்திலிருந்து பல செடிகளைத் தாவரவியலாளர் ஆலன் லௌரி 2013-இல் தனி இனங்களாகப் பிரித்தார். ஆரஞ்சு நிறத்தில் பூக்கிற ஒன்றும் அதில் அடக்கம். இலைமயிர், விதை என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

விரல் நீளச் செடிக்கு இத்தனை கவனம் தேவையா என்று கேட்கலாம். நம் நெய்வேலியின் கதையே அதற்குப் பதில். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. 'அழுக்குத் தண்ணீர்' என்று அவர் விட்டிருந்தால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஏது, டவுன்ஷிப் ஏது, நம் குவார்ட்டர்ஸ் ஏது?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பிள்ளைகளோடு ஒரு நடை போய் வாருங்கள். தரிசு என்று நாம் கடந்துபோகிற ஈரமான திறந்தவெளிகளில் குனிந்து தேடுங்கள். காலையிலேயே போங்கள், பூ சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். தென்பட்டால் போட்டோ எடுங்கள், பிடுங்க வேண்டாம். வீட்டுத் தொட்டியில் வைத்து உரம் போட்டால் அது பிழைக்காது. சத்தில்லாத மண்தான் அதற்குச் சொந்த வீடு.

பூ வெள்ளையா, ரோஸா, பார்த்த தேதி என்ன, எந்த மாதிரி மண் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் கைப்பட எழுதினால் இன்னும் சந்தோஷம். இந்தப் பக்கத்தில் அவற்றுக்கு நிச்சயம் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்