கிரையத்தோடு போகும் சரித்திரம்

திருப்பூரைச் சுற்றியுள்ள புஞ்சைக் காடுகள் பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மனைப் பிரிவுகளுக்கும் கைமாறிக்கொண்டிருக்கும் இந்நாளில், ஒவ்வொரு கிரையத்தின்போதும் சார்பதிவாளர் அலுவலகத்து வராந்தாவில் ஒரு காரியம் யாருடைய கவனத்தையும் கவராமல் நடந்தேறிவிடுகிறது. விற்கிறவர் தொகையைப் பெற்றுக்கொண்டு, துணிப்பையிலிருந்து பழைய பத்திரக் கட்டு ஒன்றை எடுத்து வாங்குகிறவரிடம் ஒப்புவிக்கிறார். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே அவ்விதம் ஒப்புவிக்கச் சொல்லுகிறபடியாலும், வாங்கினவருடைய உரிமைக்கு மூலப் பத்திரமே ஆதாரமாகையாலும், அதில் குற்றம் கூற இடமில்லை. ஆனால் அந்தக் கட்டு சில நாட்களில் கடனுக்கு ஈடாக வங்கியின் பெட்டகத்துக்குள் போய்விடுகிறது. அதோடு ஒரு குடியானவக் குடும்பத்தின் நான்கைந்து தலைமுறைச் சரித்திரமும் உள்ளே போய்விடுகிறது. நிலம் போவதைப் பற்றி வருந்துகிறவர்களை நாள்தோறும் காண்கிறோம். கட்டு போவதைப் பற்றி வருந்தினவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் தன் முன்னோரைத் தேடப் புறப்படுகிற சாதாரண உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்திருக்கிற வசதிகளைப் பார்த்தால் பிரமிப்பு உண்டாகிறது. 1538இல் எட்டாம் ஹென்றியின் மந்திரியான தாமஸ் கிராம்வெல், பிறந்தவர்களின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அடக்கத்தையும் ஒவ்வொரு கோயில் பங்கிலும் குறித்து வைக்கும்படி உத்தரவிட்டான். அந்த ஏடுகள் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. உயில்களை 1858 வரையில் திருச்சபை நீதிமன்றங்களும், அதன்பின் அரசாங்கமும் பதிவு செய்து காத்துவந்திருக்கின்றன. அந்த உயில்களில் பெரிய பிரபுக்கள் மாத்திரம் பேசவில்லை. நாற்பது ஏக்கர் வைத்திருந்த விவசாயி தன் இறகு மெத்தையை மூத்த மகளுக்கும், பித்தளைப் பாத்திரத்தை இளையவளுக்கும், ஒரு பசுவை விதவையான சகோதரிக்கும் விட்டுச் செல்வதை அவற்றில் படிக்கலாம். ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதி வைத்த உயிலில் தம் மனைவிக்கு விட்டுச் சென்ற கட்டிலைப் பற்றி இன்றளவும் அறிஞர்கள் தர்க்கம் செய்கிறார்கள். 1841 முதல் ஜனத்தொகைக் கணக்கெடுத்த தாள்களும் ஆட்களின் பெயரோடு பத்திரப்படுத்தப்பட்டு, நூறு வருஷம் கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. நம் நாட்டிலோ ஜனத்தொகைக் கணக்கின் மொத்தத் தொகைகள் அச்சாகி நிற்கின்றன. வீடுவீடாகப் பெயர் எழுதிய தாள்களை அவ்விதம் காத்துத் திறந்துவிடுகிற ஏற்பாடு இல்லை.

அப்படியானால் நமக்குச் சாதனமே இல்லையென்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியன்று. நமக்குச் சாதனம் உண்டு. அது வேறு ரூபத்தில் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள பிரிபடாத பாகத்தை ஓர் ஆண்மகன் உயில் மூலம் விட்டுச் செல்வதற்கு 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரையில் மிதாட்சர தர்மம் இடம் தரவில்லை. சுயார்ஜிதச் சொத்து உள்ளவர்களே உயில் எழுதினார்கள். ஆகையால், ஆங்கிலக் குடியானவன் மரணப் படுக்கையில் சொன்னதையெல்லாம் கொங்கு நாட்டுக் குடியானவன் பாகப்பிரிவினைப் பத்திரத்திலே சொல்லிவிட்டான். உயிலைத் தேடிச் சலித்துப்போகிறவர்கள் பாகப்பிரிவினையைத் தேட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருப்பது 1936ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. அப்பாருவும் அவருடைய சகோதரர் இருவரும் பிரிந்துகொண்ட விவரம் அதில் இருக்கிறது. நிலத்தின் விஸ்தீரணத்தை நாலே வரியில் சொல்லி முடித்துவிட்டு, கிணற்றைப் பற்றி ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறார்கள். இரட்டைக் கவலைக் கிணற்றில் ஒவ்வொருவருக்கும் மூன்றிலொரு பங்கு. யார் எந்த நாளில் இறைத்துக்கொள்வது, சேறு எடுக்கும் செலவை எப்படிப் பகிர்வது, வாரிக்குழியில் எருதுகள் போகவரத் தடம் எது என்பதெல்லாம் தீர்க்கமாய்க் குறிக்கப்பட்டிருக்கின்றன. மழை குறைந்த இந்தச் சீமையில் தண்ணீரே சொத்து என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. அப்புறம் வருகிறது ஆசாரம் யாருக்கு, சாளை யாருக்கு, கட்டுத்தரை யாருக்கு என்கிற விவரம். கொறங்காட்டுக் கிளுவை வேலியை யார் செப்பனிடுவது என்கிற நிபந்தனை. வெள்வேல மரங்களின் எண்ணிக்கை. கடைசியில், தாயாருக்கு ஆயுள் பரியந்தம் மூன்று பேரும் கொடுத்துவர வேண்டிய கம்பு, சோளம், சேலை. அந்த அம்மாள் எந்த மகன் வீட்டில் இருக்கப் பிரியப்படுகிறாளோ அங்கே இருந்துகொள்ளலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத மூன்று குடியானவர்கள், பெருவிரல் ரேகை வைத்து, தங்கள் தாயின் இஷ்டத்தைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். எங்கள் முன்னோரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஆகச் சிறந்தது அந்த வாக்கியந்தான்.

இத்தகைய பத்திரங்களை வரிசையாக வைத்துப் படித்தால் தேசத்தின் பொருளாதார சரித்திரமே கிணற்று மேட்டில் நடந்துபோவதைக் காணலாம். பைக்காரா மின்சாரம் 1932இல் பிறந்து கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்தபின், ஆலைகள் ஓடினது போலவே கிணறுகளும் மாறின. பிந்திய பிரிவினைகளில் கவலை மறைந்து, மோட்டாரும் பம்பும் மின் இணைப்பும் பங்கு போடப்படுகின்றன. முத்திரைத்தாளிலே ராஜாக்களின் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பிறகு அசோகச் சிங்கங்கள் வருகின்றன. 1957இல் அணாக் கணக்கு போய் நயா பைசா வருகிறது. வள்ளக் கணக்கு ஏக்கராகிறது.

பத்திரம் படிக்கும்போது எழுதிக்கொடுத்தவரையும் வாங்கினவரையும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அதன் ஓரங்களில் ஓர் ஊரே குடியிருக்கிறது. செக்குபந்தி விவரத்தில் நாற்புறமும் இருந்த காட்டுக்காரர்களின் பெயர்கள் வரும். அவர்களுடைய பத்திரங்களில் நம்மவர் பெயர் வரும். சாட்சி போட்டவர் பெரும்பாலும் மாமன் மச்சான் முறையாயிருப்பார். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பது அதிலிருந்து தெரியவரும். பேரனுக்கு அப்பாருவின் பெயரையே வைக்கிற வழக்கத்தினால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயருடைய பலர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்து அறிவதற்குத் தகப்பனார் பெயரும் தோட்டத்துப் பெயருமே துணை. வருஷப் பெயரிலும் நிதானம் வேண்டும். 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஜனங்கள் சொல்லுகிறார்கள். அறுபது வருஷம் கழித்து 1936இலும் ஒரு தாது வருஷம் வந்தது. ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்பார்க்காவிட்டால் ஒரு தலைமுறை முழுவதும் இடம் மாறிப்போகும்.

வீட்டில் கட்டு இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டுவதில்லை. 1865 முதல் இந்த ராஜதானியில் பத்திரப்பதிவு நடந்துவருகிறது. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி நிலம் சம்பந்தமான பத்திரங்களெல்லாம் முதலாம் புத்தகத்தில் நகலாகின்றன. ஆட்களின் பெயர்ப்படி ஓர் அட்டவணையும் சொத்தின்படி ஓர் அட்டவணையும் அதற்கு உண்டு. கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. உயில்களுக்கு மூன்றாம் புத்தகம். எழுதினவர் உயிரோடிருக்கும் வரையில் அவருக்கும் அவருடைய முகவருக்கும் அன்றி வேறெவருக்கும் நகல் கிடையாது, காலமான பின்னரோ கேட்கிற எவருக்கும் நகல் கொடுக்க வேண்டும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை வில்லங்கம் பார்ப்பதற்கு மட்டும் உபயோகித்துவருவது நம்முடைய அசிரத்தை. 1975க்குப் பிந்தியவை கணினியில் கிடைக்கின்றன. நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை, ஆகையால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பொறுமையாய்க் காத்திருக்கத்தான் வேண்டும்.

எந்த அலுவலகம் என்பதில் திகைப்பு வரும். தாராபுரம் பக்கத்துக் குடும்பம் 1979 வரையில் கோயமுத்தூர் ஜில்லா. பிறகு பெரியார் மாவட்டமான ஈரோடு. 2009இல் திருப்பூர் மாவட்டம் உதயமான பின் திருப்பூர். நிலத்தின் எண்களும் அப்படியே: பைமாஷ் எண் போய் சர்வே எண் வந்தது, மறு அளவையில் அதுவும் மாறிற்று, 1979 முதல் 1987 வரையில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகளும் பட்டா எண்களும் புதிதாயின. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அது நியாயமான சீர்திருத்தமே என்றாலும், எந்தக் காட்டை எவருடைய பாட்டன் எந்தப் பஞ்சத்தில் விற்றான் என்று நினைவிலிருந்தே சொல்லக்கூடிய மனிதர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இன்னும் பின்னே போக விரும்புகிறவர்கள் சென்னை எழும்பூருக்குப் போக வேண்டும். 1909இல் ஏற்பட்ட ஆவணக் காப்பகத்தில் கோயமுத்தூர் ஜில்லா ரிக்கார்டுகள் இருக்கின்றன. 1799இல் திப்பு வீழ்ந்ததும் இந்தச் சீமை கும்பினியார் வசமாகி, பவானியிலும் தாராபுரத்திலுமாக இரண்டு நிர்வாகமாக நடந்து, 1804இல் ஒரே ஜில்லாவாயிற்று. 1800இல் இந்தப் பக்கம் பிரயாணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் எழுதிய நூலும், 1887இல் நிக்கல்சன் தொகுத்த ஜில்லா மான்யுவலும் அக்காலத்து மண்ணையும் பயிரையும் குடிகளையும் கண்முன் நிறுத்தும். அதற்கும் முந்திய செப்பேடுகளையும் ஓலைப் பட்டயங்களையும் புலவர் செ. இராசு அரும்பாடுபட்டுத் தேடி, ‘கொங்கு சமுதாய ஆவணங்கள்’ என்ற பெயரில் பதிப்பித்திருக்கிறார். அவருக்குக் கொங்கு நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் ஒரு அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜாவிடம் விருது பெற்ற மூதாதையைத் தேடிப் பட்டயங்களுக்குள் புகுகிறவர்கள், பஞ்சத்தில் எருதை விற்று அடமானம் வைத்த மூதாதையைக் கண்டும் காணாமல் போய்விடுகிறார்கள். பட்டயத்தில் இருப்பவர் நம் குலத்தவராயிருக்கலாம். அடமானப் பத்திரத்தில் ரேகை வைத்தவரோ நம் இரத்தத்துக்கு உடையவர் என்பது நிச்சயம்.

பெண்களின் பெயர் பழைய பத்திரங்களில் அபூர்வம். மைனருக்குக் கார்டியனான தாயாராகவோ, ஜீவனாம்சம் பெறும் விதவையாகவோ தோன்றி மறைவார்கள். மகள்களோ, சீர் செய்து அனுப்பப்பட்டபின் காகிதத்தில் இல்லவே இல்லை. 1956க்குப் பிறகு அவர்கள் மெல்லத் தலைகாட்டுகிறார்கள்; பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபாகம் உண்டென்று 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசாங்கமும் சட்டம் திருத்திய பின் ஏராளமாய் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்திலே வருகிறார்கள். உரிமை கிடைத்த காகிதமும் அதை விட்டுக்கொடுத்த காகிதமும் ஒன்றாயிருப்பதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. ஆயினும் அங்கேயாவது அக்காள் தங்கையரின் பெயரும் அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊரும் கிடைக்கின்றன.

நிலமே இல்லாதவர்களின் நிலைமை இன்னும் கடினம். அந்த 1936ஆம் வருஷத்துக் கிணற்றில் கவலை ஓட்டினது அப்பாருமார் மூவர் மாத்திரமல்லர். தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணையத்தில் உழைத்த மாதாரிக் குடும்பங்கள் இருந்தன. வெள்வேல மரங்களை எண்ணி எழுதிய பத்திரம் அவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. பத்திரங்களை எவ்வளவு நேசித்தாலும் இந்த அநீதியை மறைத்துப் பேச என்னால் முடியாது. அவர்களுடைய பிள்ளைகள் வம்சாவளி தேட வேண்டுமானால் கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும், ஆரம்பப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும், கிறிஸ்தவக் குடும்பங்களாயின் ஞானஸ்நான ஏடுகளும், தலைமுறையாய் ஆலை வேலை செய்தவர்களாயின் ஆலைகளின் ஆள் பதிவுகளுமே ஆதாரம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பையன் பெயரோடு தகப்பன் பெயரும் ஊரும் தொழிலும் இருக்கும். சில குடும்பங்களுக்கு அதுவே எழுத்தில் கிடைக்கும் முதல் சாசனம். பள்ளிக்கூடக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாதபடி தலைமையாசிரியர்கள் காக்க வேண்டும். ஆலையை மூடுகிறவர்களும் ஆள் பதிவுகளை மாவட்ட நூலகத்திடம் ஒப்புவித்துப் போக மனம் வைக்க வேண்டும்.

காடு தோட்டத்தை விற்க வேண்டாமென்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. கிணறு வற்றினவன் விற்கத்தான் செய்வான். கிரையத்துக்கு நாள் குறித்துவிட்டவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: பத்திரக் கட்டை ஒப்புவிக்கும் முன்பு, முத்திரைத்தாளின் பின்பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர் சொல்லுகிற ஊரையும் உறவையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பண்ணையத்தில் உழைத்தவர்களின் பெயர்கள் அவருக்கு நினைவிருந்தால் அவற்றையும் கேட்டு எழுதுங்கள். மகன்களுக்கு ஒரு பிரதி கொடுக்கும்போது மகள்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.