காடு வேலைக்கு மட்டும்தானா?

"நாம பொறந்து வளர்ந்ததே காட்டுல. லீவு போட்டுட்டு இன்னொரு காட்டுக்குப் போகணுமாக்கும்?" குடும்பத்தோடு மலையேறிப் பாருங்கள் என்று ஒரு தோட்டக் கூட்டத்தில் நான் சொன்னபோது, ஓர் அம்மா இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

என் பதில் இது. தோட்டத்தில் நாம் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு. எத்தனை மரம், எத்தனை குலை, எத்தனை கிலோ? கிளேடாங் மலையில் நம்மை எண்ணுவதற்கு ஆள் கிடையாது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால், அந்தக் காட்டுக்குள் சும்மா நடந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

புந்தோங்கிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிவதுதான் கிளேடாங். 800 மீட்டருக்கு மேல் உயரம். மெங்லெம்பு பக்கமிருந்து ஏறலாம். காட்டுப் பாதையும் உண்டு, தார் ரோடும் உண்டு. உயரத்திலிருந்து பார்த்தால் ஈப்போ பட்டணமும், சுண்ணாம்புக்கல் மலைகளும், நடுநடுவே மின்னும் ஈயக்குட்டைகளும் தெரியும். ஈயத்துக்காகத் தோண்டிய பள்ளங்கள் அவை. 1985-இல் ஈய விலை விழுந்து லம்பங்கள் பல மூடப்பட்டன. பள்ளங்களில் தண்ணீர் நின்றுவிட்டது.

மலைகளுக்கு நடுவிலேயே குளம் பார்க்க வேண்டுமா? குனோங் ராப்பாட்டில் தாசேக் செர்மின் இருக்கிறது. கண்ணாடிக் குளம் என்று அர்த்தம். குகை போன்ற வழியில் நுழைந்து வெளியே வந்தால், சுற்றிலும் பாறை, நடுவே அசையாத தண்ணீர். சத்தம் போட மனசு வராது. ஆனால், பக்கத்திலேயே கல் உடைக்கிறார்கள், லோரி ஓடுகிறது. அந்த வேலையும் சிலருக்குச் சோறு போடுகிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் உடைத்த மலை திரும்ப முளைக்காதே! கிந்தா பள்ளத்தாக்கை 2018-இல் தேசிய புவிப்பூங்காவாக அறிவித்தார்கள். அதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பவர்களில் நம் குரலும் இருக்க வேண்டும். கண்ணால் பார்க்காத இடத்துக்காக யார் குரல் கொடுப்பார்?

"கூலிக்காரனுக்கு எதுக்கு லீவு?" என்று என் முகத்துக்கு நேரே கேட்ட நிர்வாகி உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு நம் உரிமை. ஆண்டு விடுமுறை முதல் இரண்டு ஆண்டுகளில் 8 நாள், பிறகு 12, ஐந்து ஆண்டு சேவை ஆனால் 16. சம்பளத்தோடு! இதைக் காசாக்கித் தா என்று கேட்பதற்கு முன்னால், ஒரு நாளையாவது பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

போகிறவர்கள் கவனிக்க: குட்டைகளில் இறங்கவே இறங்காதீர்கள். கரை சரியும், ஆழம் தெரியாது. மழை இருட்டினால் மலையேற வேண்டாம். கைப்பேசிப் பாட்டு வீட்டிலேயே இருக்கட்டும். மலையேற முடியாத பெரியவர்களைக் குனோங் லாங் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகலாம். அட்டைக்குக் கொஞ்சம் உப்பு, குடிக்கத் தண்ணீர், கொறிக்கப் புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் போதும். வெறும் பொட்டலத்தை மட்டும் மலையில் போடாமல் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.