காளானைத் தாவரம் என்று சொன்னால் யாருக்கு நட்டம்?

உயிரின வகைப்பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பதில் சொல்லாமல் விட முடியாது. எழுதியவர் படித்தவர், சரளமாக எழுதத் தெரிந்தவர். அதனால்தான் அது செய்யும் கேடும் அதிகம். தாவரம், விலங்கு என்று இரண்டாக இருந்த உயிருலகத்தை ஹெக்கல் மூன்றாக்கினார், விட்டேக்கர் ஐந்தாக்கினார், கார்ல் வோஸ் வந்து எல்லாவற்றையும் கலைத்தார். தலைமுறைக்கு ஒரு கணக்குச் சொல்கிறவர்களிடம் உண்மை எப்படி இருக்கும் என்று கேட்கிறார். அலமாரியில் புத்தகம் அடுக்குவதைப் போல வகைப்பாடும் அடுக்குகிறவரின் விருப்பம்தானாம். காளானைத் தாவரம் என்றாலும் இல்லையென்றாலும் யாருக்கும் நட்டமில்லையாம். ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத தொல்காப்பிய வகைப்பாடு இருக்கும்போது இந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும், பாடத்திலிருந்து எடுத்துவிடலாமே என்று முடிக்கிறார்.

நட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்குப் பின்பருவ இலைக்கருகல் நோயை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூட்டமும் சாரலும் விடாமல் இருக்கும் நாட்களில் இலை ஓரத்தில் நீர் ஊறினாற்போல ஒரு திட்டு விழும். அது கறுத்துப் பரவும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுத்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக, மெல்லிசாகப் பூசணம் படர்ந்திருக்கும். கண்ணால் பார்க்கிற எவருக்கும் அது பூஞ்சைதான். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, சுமார் பத்து லட்சம் பேரைக் காவுகொண்ட பஞ்சத்தைத் தொடங்கிவைத்த பைட்டோப்தோரா இதுதான். நூறாண்டுக்கு மேல் பாடநூல்கள் அதைப் பூஞ்சை என்றே எழுதின.

அது பூஞ்சை இல்லை. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. பூஞ்சைகளின் சுவருக்கு உறுதி தருவது கைட்டின். அதன் வித்துகள் இரண்டு கசையிழைகளோடு தண்ணீரில் நீந்திப் போகும். மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது கடலின் பழுப்புப் பாசிகளும் டயாட்டம்களும்தான் அதன் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. இதனால் விவசாயிக்கு என்ன? ஹெக்சாகோனசோல், டெபுகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீரால் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து அதைக் கொல்கின்றன. பைட்டோப்தோரா எர்கோஸ்டீராலைத் தயாரிப்பதே இல்லை. தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லாதபோது மருந்து எதைத் தடுக்கும்? அதற்கு மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். தென்னையில் குருத்தழுகலையும் மிளகில் வாடல் நோயையும் கொண்டுவருகிறவையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவைதான். கடையில் பூஞ்சை மருந்து என்று பொதுவாகக் கேட்டு வாங்கி அடித்தவருக்குக் காசும் போகும், பயிரும் போகும். எந்தக் கிளை உயிர் என்று தெரியாததன் விலை அது.

காளானுக்கு வருவோம். 1993இல் வெளியான மரபணு ஒப்பீடுகள் பூஞ்சைகளை விலங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின. காளானும் நாமும் ஒரே மூதாதையின் வழியில் வந்தவர்கள். செடிகொடிகள் அதற்கு முன்பே தனியாகப் பிரிந்து போனவை. கட்டுரையாளருக்கு இது பள்ளிக்கூட வேடிக்கை. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்து படுத்தவர்களின் வீடுகளில் யாரும் இதை வேடிக்கை என்று சொல்லமாட்டார்கள். அப்போது ஆம்போடெரிசின் மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள். கிடைத்த மருந்தும் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கக்கூடியது. ஏன்? பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குகிறது. நமக்கு அந்தச் சுவரே கிடையாது, நாம் தப்பிவிடுகிறோம். ஆம்போடெரிசின் பிடித்துக்கொள்வது பூஞ்சையின் எர்கோஸ்டீராலை. நம் செல்களில் அதற்கு மிக நெருக்கமான கொலஸ்ட்ரால் இருக்கிறது. பங்காளியைக் கொல்ல வந்த மருந்து நம்மையும் கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் போகிறது. பூஞ்சைக்கு எதிரான மருந்துகள் குறைவாக இருப்பதற்கு இந்த உறவு முக்கியமான காரணம்.

இனி அலமாரி உவமை. புத்தகங்களை ஆசிரியர் பெயரால் அடுக்கலாம், நிறத்தால் அடுக்கலாம், உயரத்தால் அடுக்கலாம். ஒரு அடுக்கு முறைக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. வகைப்பாடும் அப்படி விருப்பம் சார்ந்தது என்றால், வெவ்வேறு சான்றுகளைக் கொண்டு வரையும் உறவுமுறைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகக் கூடாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1982இல் நியூசிலாந்தின் டேவிட் பென்னி குழு 11 இனங்களை எடுத்துக்கொண்டது. அவற்றுக்கு வரையக்கூடிய உறவு மரங்கள் 3 கோடியே 44 லட்சத்துக்கும் மேல். ஐந்து வெவ்வேறு புரதங்களைத் தனித்தனியாக வைத்து மரம் வரைந்தார்கள். புரதத்துக்கொரு மரம் என்று சிதறிப் போகவில்லை. எல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் வந்து நின்றன. இத்தனை கோடி வாய்ப்புகளுக்கு நடுவே ஐந்தும் இப்படிக் கூடியதற்கு யாருடைய விருப்பம் காரணம் என்பதைக் கட்டுரையாளர் சொல்லட்டும்.

கார்ல் வோஸ் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் மோசம். நாற்காலியில் சாய்ந்தபடி கோடு மாற்றிப் போட்டவர் போலக் காட்டுகிறார். வோஸ் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்காக ரைபோசோம் ஆர்என்ஏ துண்டுகளைக் கதிரியக்கப் பாஸ்பரஸால் குறியிட்டு, எக்ஸ்ரே பிலிமில் விழுந்த கரும்புள்ளிகளை விளக்குப் பலகையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் புள்ளிகள் எந்தப் பாக்டீரியாவோடும் சேரவில்லை. 1977இல் ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா, வோஸின் சக ஆய்வாளரான ரால்ஃப் உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள், இல்லையென்றால் உன் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். ஆனால் ஜெர்மனியில் ஓட்டோ கண்ட்லர் இந்த உயிர்களின் செல்சுவரை ஆராய்ந்தபோது, பாக்டீரியாவுக்கே உரிய பொருள் அதில் இல்லை என்று கண்டார். சவ்வின் கொழுப்பும் வேறு விதமாக இருந்தது. 1996இல் ஒரு மீத்தேன் உயிரியின் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானபோது வோஸ் சொன்னதே நின்றது. சுவர், கொழுப்பு, மரபணு என்று ஒன்றையொன்று சாராத சாட்சிகள் ஒரே பக்கம் பேசின. ஆர்க்கியா என்ற மூன்றாவது பெரும்பிரிவு இப்படி எதிர்ப்பைத் தாண்டி வந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. உலகம், தொகுதி, வகுப்பு, துறை என்ற படிநிலைகள் மனிதர் வைத்தவை. எந்தக் கிளையை ‘உலகம்’ என்று அழைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, நாளையும் இருக்கும். ஐந்தா, ஆறா என்ற எண்ணிக்கைச் சண்டை அங்கிருந்துதான் வருகிறது. நுண்ணுயிர்கள் ஒன்றுக்கொன்று மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதால் அடிப்பக்கக் கிளைகளில் இன்னும் சிக்கல் இருக்கிறது. ஆனால் யார் யாரிலிருந்து பிரிந்தார் என்பது நடந்து முடிந்த வரலாறு. திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவு நீர்யானை என்பதை எந்தக் குழுவும் கூடி வாக்களித்து மாற்ற முடியாது. படிநிலைக்குரிய தன்மையைக் கிளைக்கும் ஏற்றிவிட்டு, எல்லாமே வெறும் ஏற்பாடு என்று கட்டுரையாளர் சொல்கிறார். அவர் கட்டுரை முழுவதும் நிற்பது இந்தப் புரட்டின் மேல்.

தொல்காப்பியத்தை இந்த வாதத்துக்குள் இழுத்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அந்நூலின் மரபியல் என்ற இயல் சொல்வது என்ன? புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று தொடங்கி மனிதருக்கு ஆறறிவு என்று முடியும் வரிசை. எந்த உயிர் எதை உணர்கிறது என்று கூர்ந்து பார்த்துச் செய்த அருமையான வேலை அது. யார் யாருக்கு உறவு என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொன்னதாக நாம் பெருமை பேசக் கூடாது. அந்த வரிசையைத் தானே கண்டதாகவும் தொல்காப்பியர் சொல்லிக்கொள்ளவில்லை. நன்கு உணர்ந்தவர்கள் முறைப்படுத்தியது என்று முன்னோரின் கவனிப்பைச் சுட்டுகிறார். எறும்பை மூன்றறிவில் வைத்தவர்கள், கண்ணில்லாமல் அது பிழைப்பதாகக் கருதினார்கள். பெரும்பாலான எறும்புகளுக்குக் கூட்டுக்கண்கள் உண்டு. பாலைவன எறும்பு வானத்தின் ஒளியைப் பார்த்துத் தன் புற்றுக்குத் திரும்புகிறது. கவனித்தவர்களின் வழியில் வந்தவர்கள் மேலும் கவனித்தால் தெரிவது இது. மாறாமல் இருப்பதையே உண்மைக்குச் சான்றாக்கினால், பார்ப்பதை நிறுத்தியவரே பேரறிஞர் ஆகிவிடுவார்.

அக்கட்டுரையைப் படித்த ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் விட்டேக்கரின் 1969ஆம் ஆண்டு ஐந்துலக அட்டவணையை நடத்தும்போது அதை மனப்பாடப் பகுதியாக விட்டுவிடாதீர்கள். பூஞ்சை ஏன் தாவரத்திலிருந்து வெளியே வந்தது, எந்தச் சான்று அதை வெளியே கொண்டுவந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் கருகிய உருளைக்கிழங்கு இலை ஒன்றைக் கொண்டுவந்து நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். பாடத்தை எடுத்துவிடலாம் என்கிற யோசனையைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.