சாய்கிற கூண்டைத் தாங்காதே!

லண்டன் நகரத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அதிகாலையில் லாரிகள் வரும். பால், ரொட்டி, பாட்டில்கள் எல்லாம் சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளில் வந்து இறங்கும். "ரோல் கேஜ்" என்று இதற்குப் பெயர். கூண்டு ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருக்கும். சாமான் நிரம்பினால் சில கூண்டுகள் 500 கிலோ வரை எடை வரும். அதாவது அரை டன்!

தலைச்சுமை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் இந்தக் கூண்டால் விரல் நசுங்கியவர்கள் உண்டு. கால் முறிந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. காரணம் என்ன?

ஏமாற்றும் வண்டி

சமமான தரையில் 400 கிலோ கூண்டைத் தள்ள ஏறக்குறைய 8 கிலோ பலம் போதும். 'இவ்வளவுதானா!' என்று தோன்றும். 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் அதே கூண்டை ஏற்ற, மேற்கொண்டு 33 கிலோ பலம் வேண்டும். சக்கரம் ஒரு சிறு குழியில் இறங்கினாலும் கூண்டு குடைசாயும்.

நிற்கும் வண்டியை நகர்த்த ஆணுக்கு 20 கிலோ, பெண்ணுக்கு 15 கிலோ பலத்துக்கு மேல் தேவைப்பட்டால், அந்த வேலையை நன்கு ஆராய வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்புத் துறை சொல்லுகிறது.

எப்படித் தள்ளுவது?

கூண்டை இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். இழுத்தால் சக்கரம் காலில் ஏறும். கனமான சாமானை அடியிலும் லேசானதை மேலேயும் அடுக்க வேண்டும். முன்னால் வருகிறவர் தெரியும்படி அடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கூண்டுதான். சக்கரம் கெட்டிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். சரிவு வந்தால் துணைக்கு ஆள் வேண்டும்.

கூண்டு சாய்ந்துவிட்டால்? தாங்கிப் பிடிக்கத்தான் கை போகும். அது மனித சுபாவம். ஆனால் அரை டன்னை யாரால் தாங்க முடியும்? கையை விட்டு விலகுவதே புத்திசாலித்தனம். பாட்டில் உடைந்தால் வேறு வாங்கலாம். முதுகெலும்பு உடைந்தால் எந்தக் கடையில் வாங்குவது?

யார் பொறுப்பு?

உடைந்த பாட்டிலுக்குத் திட்டு விழும் என்று பயந்தால், தொழிலாளி விலக மாட்டார், தாங்கத்தான் பார்ப்பார். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் முதலாளி.

தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று பிரிட்டனின் 1974-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆபத்தான சுமை வேலையைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் ஆராய்ந்து ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்பது 1992-ம் ஆண்டு விதி.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. கற்றுக் கொடுத்த முறையை அவர் மீறக் கூடாது. பழுதைக் கண்டால் சொல்ல வேண்டும். ஆனால் தரையில் உள்ள குழியை அடைப்பதும், கெட்ட சக்கரத்தை மாற்றுவதும், போதிய ஆட்களை வைப்பதும் அவர் கையில் இல்லை. அவற்றை முதலாளி செய்தால்தான், காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்புவார்.