எதிரே வருவது எமனா?

நமது அம்மாபேட்டை வழியாய்ப் போகும் கடலூர் ரஸ்தாவில் ஒரு பஸ்ஸும் லாரியும் நேருக்கு நேர் மோதி ஆட்கள் மாண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். மறுநாள் டீக்கடையில் என்ன பேசப்படும்? “அவர்கள் விதி முடிந்தது, எமன் லாரி ரூபத்தில் வந்தான்” என்றுதானே? தோழர்களே! எமனுக்கு எருமை வாகனம் போய் லாரி வாகனம் வந்துவிட்டதா என்று கேட்கின்றோம்.

விதி என்பதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். தறியில் இழை எண்ணத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு ஒரு பிரமாதமல்ல. லாரி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றது. பின்னால் வரும் பஸ் 70-ல் அதை முந்துகின்றது. வித்தியாசம் 20. அதாவது ஒரு வினாடிக்கு ஐந்தரை மீட்டர்தான் பஸ் முன்னேறும். லாரியின் நீளம், பஸ்ஸின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்து 60 மீட்டர் என்றால், முந்தி முடிக்க 11 வினாடி வேண்டும். அதற்குள் பஸ் 214 மீட்டர் ஓடிவிடும். எதிரே 70-ல் வருகிறவனும் அவ்வளவு தூரம் வந்துவிடுவான். ஆகவே சுமார் 430 மீட்டர், அதாவது இரண்டு பர்லாங்குக்கு மேல், ரஸ்தா காலியாய்க் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

1934-ல் ஏற்பட்ட இந்திய சாலைக் காங்கிரஸும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு முந்துவதற்கான பார்வைத் தூரம் 470 மீட்டர் என்று வகுத்திருக்கின்றது. இதுவும் விதிதான். ஆனால் பிரமன் தலையில் எழுதிய விதியல்ல. மனிதன் ரஸ்தாவை அளந்து எழுதிய விதி.

இந்தத் தூரம் தெரியாத வளைவிலும், பாலத்து மேட்டிலும், “யாரும் வரமாட்டான்” என்று வலப்புறம் ஏறுகிறானே, அதன் பெயர் தைரியமா? அது சுத்த மூடநம்பிக்கையல்லவா? முன்னே போகும் லாரிக்காரன் வலது விளக்கைச் சிமிட்டினால் “போகலாம்” என்று அர்த்தமாம். அவன் வலப்புறம் திரும்புவதற்கும் அதே விளக்கைத்தானே போடுகிறான்! தன் கண்ணை மூடிக்கொண்டு பிறன் விளக்கை நம்புகிறவனுக்கும், குறி சொல்லுகிறவனை நம்புகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? சக்கரத்தின் கீழ் நசுக்கிய எலுமிச்சம்பழம் எதிரே வரும் வண்டியின் தூரத்தை அளந்து சொல்லுமா?

நிற்க, டிரைவரை மாத்திரம் குறை சொல்லுவது யோக்கியமாகாது. வசூலுக்குத் தக்கபடி படி என்று வைத்து, முன்னே போகும் பஸ்ஸைப் பிடிக்கும்படி விரட்டுகின்ற முதலாளிக்குப் பங்கில்லையா? ரஸ்தா போட்டவர்களுக்குப் பங்கில்லையா? சேலம்–உளுந்தூர்ப்பேட்டை ரஸ்தாவை நான்கு வழி என்று போட்டுச் சுங்கமும் வாங்கிக்கொண்டு, வாழப்பாடி, ஆத்தூர் முதலிய ஊர்களின் புறவழிகளை மாத்திரம் இருவழியாய் விட்டார்கள். நான்கு வழியில் பறந்து வந்தவன் அதே வேகத்தில் இருவழிக்குள் புகுந்து மோதினான். ஜனங்கள் வருஷக்கணக்காய்க் கூச்சலிட்ட பிறகே அவற்றை அகலமாக்க முன்வந்தார்கள். சாவு விதிப்படி வருவதானால் ரஸ்தாவை அகலமாக்குவானேன்? நடுவில் ஒரு சுவர் வைத்தால் எமன் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறானா?

விதி என்று சொல்லுவதால் லாபம் யாருக்கு? டிரைவர் தப்பினான், முதலாளி தப்பினான், சர்க்கார் தப்பிற்று. செத்தவன் தலையெழுத்து மாத்திரம் குற்றவாளியாயிற்று!

ஆகவே வண்டி ஓட்டும் தோழர்களுக்குச் சொல்லுகின்றோம். லாரியின் வாலில் ஒட்டாமல் தள்ளி நின்றால்தான் முன்னே ரஸ்தா தெரியும். நடுவில் முறியாத கோடு இருந்தால் அதைத் தாண்டக்கூடாது. முந்துகிறவன் பின்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடாது. உங்களை ஒருவன் முந்தும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். சட்டத்துக்கு விரோதமாய் முந்துவதை அபாயகரமாய் ஓட்டும் குற்றமென்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் தெளிவாகவே சேர்த்திருக்கின்றார்கள். சந்தேகமிருந்தால் காத்திருங்கள். 2 கிலோமீட்டர் தூரம் அந்த லாரியின் பின்னாலேயே போனாலும் நஷ்டம் 41 வினாடிதான்! ஒரு வெற்றிலை மடித்துப் போடும் நேரம்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே! வளைவில் வண்டி வலப்புறம் ஏறும்போது கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிடாதீர்கள். கண்ணைத் திறந்து கண்டக்டரைக் கூப்பிடுங்கள். “எங்களுக்கு அவசரமில்லை” என்று பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் எந்த டிரைவரும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.